அறுபத்து நான்கு எம்.பி. இடம்

1999 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மயிலாப்பூரில் விடியற்காலையிலிருந்து தூறல். மனைவி காலமாகி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மூடிவைத்த லேப்டாப்பை அன்றுதான் திறந்தேன்.

அது எங்கள் மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து எங்களிடம் விட்டுச்சென்ற பழைய லேப்டாப். பாட்டரி செத்துவிட்டது, சுவர் பிளக்கில் செருகினால்தான் ஓடும். முந்தைய வருடம் தன் அம்மாவை அங்கே அழைத்துப்போனபோது எடுத்த முப்பத்தேழு படங்களை ஒரு சி.டி.யில் போட்டு மகள் அனுப்பியிருந்தாள். காப்பி செய்ய ஐம்பத்தெட்டு எம்.பி. வேண்டும். டிஸ்கில் மீதி இருந்தது பத்தொன்பது.

கையேட்டைப் புரட்டினேன். மூடியதும் திரையில் இருப்பதையெல்லாம் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைந்துபோகும் ஹைபர்னேஷன் என்ற வசதி, தனக்கென்று அறுபத்து நான்கு எம்.பி.யைப் பிடித்துவைத்திருந்தது. அதை நிறுத்தினேன். பத்தொன்பது, எண்பத்து மூன்றாயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு கணக்கு சரியாக வந்தது. படங்களை ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கில் அவள் கண்ணை மூடியிருந்தாள். மத்தியானம் லேப்டாப்பை மூடி, சுவர் ஸ்விட்சையும் அணைத்தேன். ஸ்விட்சுகளை அணைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றுவது என் பழக்கம்.

அடுத்த ஞாயிறு மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா ரெண்டு மாசமா எனக்கு ஒரு லெட்டர் டைப் அடிச்சுண்டிருந்தாளே. கேட்டா, 'இன்னும் முடியலடி, முடிச்சுட்டு அனுப்பறேன்'பா. முடியாட்டாலும் பரவாயில்லை. இருக்கறதை அனுப்பறேளா?"

தேடினேன். எங்கும் இல்லை. படங்களை ஏற்றிய அன்று திரையின் அடியில், பெயரிடாத ஏதோ ஒரு ஃபைலின் சின்னப் பட்டை இருந்தது நினைவுக்கு வந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் பாண்டி பஜார் அருகே ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு மணி நேரம் தேடினார்.

"சேவே பண்லியா சார் அவங்க?"

"தெரியலை. அரை மணி அடிப்பா, மூடிடுவா. மறுநாள் திறந்து, விட்ட இடத்துலேர்ந்து அடிப்பா. 'நீங்க எந்த ஸ்விட்ச அணைச்சாலும் என் லெட்டர் அப்படியே இருக்கு, பாத்தேளா'ன்னு என்னைச் சீண்டுவா."

"அதான் சார். இத்தினி நாளும் அந்த ஹைபர்னேஷன்லதான் குந்திகினு இருந்திருக்குது. அத்த நீங்க தூக்கிட்டீங்க. அப்பால கரண்டையும் ஆஃப் பண்ட்டீங்க."

"பழைய இடத்துல ஒரு வரியாவது கிடைக்காதா?"

"அந்த எடத்து மேலயே போட்டோவ ஏத்திகிறீங்களே சார்." லேப்டாப்பை மெதுவாக மூடினார். "யாருக்கு எழுதினாங்க?"

சொன்னேன். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

எங்கள் வீட்டு போனில் வெளிநாட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. கிடையாது. அன்று மாலை தெருமுனை பூத்துக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன்.

"நான்தாம்மா அழிச்சுட்டேன்" என்றேன். எப்படி என்பதையும் சொன்னேன்.



"நீங்க படிச்சேளாப்பா? கொஞ்சமாவது?"

"இல்லைம்மா."

"ஒரு வரிகூடவா?"

"உனக்கு எழுதினதாச்சே. நான் எட்டிப் பாத்ததே இல்லை."

அவள் அழத் தொடங்கினாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு, அவளாக வைக்கும்வரை நின்றேன். பதினொரு நிமிடம். அறுநூற்று எழுபத்தொரு ரூபாய்.