மர்பி டவுனில் உதடு மடக்கிக் காட்டியவர்கள்

திருப்பத்தூரில் தனியாக வைத்தியம் பார்க்கிறவள் நான். அறுபத்து மூன்று டிசம்பரில் பெங்களூரில் டாக்டர்களுக்காக மூன்று நாள் மறுபயிற்சி வகுப்பு நடந்தது. குடும்பத்தில் வழிவழியாக வரும் வயிற்று நோய்களும் குடல் புற்றுநோயும்தான் பாடம். படித்து முடித்துப் பதினாறு வருடமாகிவிட்டது, மூளையில் கொஞ்சம் தூசி தட்டலாமே என்று கிளம்பினேன். குளிர்காலத்துப் பெங்களூரைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷன் ஏறக்குறைய தொண்ணூறு மைல். மூன்றாம் வகுப்பில் நாலரை மணி நேரம் ஆனது. குப்பம் தாண்டியதுமே குளிர் காதுக்குள் நுழைந்துவிடும். போகிறவர்கள் கம்பளியைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து மர்பி டவுனுக்கு ஜட்கா ஒரு ரூபாய். வண்டிக்காரர் ஒன்றரை கேட்டார். "சொல்ப பாத்துக் குடும்மா, குதிரைக்கும் குளுரு" என்றார் கன்னடம் கலந்து. குதிரையைப் பார்த்தேன், அது நன்றாகத்தான் இருந்தது.

தங்கியது ஞானம்மா வீட்டில். என் ஆஸ்பத்திரி நர்ஸின் சித்தி. கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், கணவர் இல்லை. மகள் செல்விக்குப் பத்தொன்பது வயது. பொங்கல் கழிந்ததும் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அத்தை மகன் தேவராஜ், ஃபாக்டரியில் ஃபிட்டர். அந்த அத்தை குடியிருந்தது அடுத்த வீட்டிலேயே.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். செல்வி, அத்தை, தேவராஜ் மூவர் உதட்டிலும் நாவல் பழம் தின்றதுபோல் சிறு சிறு கரும்புள்ளிகள். சுவரில் தேவாலய காலண்டருக்குப் பக்கத்தில் மாலை போட்ட படங்கள் வரிசையாக இருந்தன. படத்திலிருந்தவர்கள் உதட்டிலும் அதே புள்ளிகள். ஒருவருக்கும் தலை நரைக்கவில்லை. ஞானம்மாவின் கல்யாணப் படத்தில் அவருக்கும் புள்ளிகள் இருந்தன, ஆனால் எனக்குச் சோறு போட்ட ஞானம்மாவின் உதடு சுத்தமாக இருந்தது.

கேட்டதும் அத்தை சிரித்தார். அது அவர்கள் வீட்டு அடையாளமாம். பிறந்த குழந்தைக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். வந்ததும் தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுப்பார்களாம். வெளியிலிருந்து வரும் மருமகளுக்குக் கல்யாணத்தன்று கண்மையால் வைத்து விடுவார்களாம். ஞானம்மா எனக்கு ரசம் ஊற்றினார்.

வகுப்பு நடந்த கூடத்துக்கு பஸ்ஸில் கால் மணி நேரம், பதினைந்து நயா பைசா. முதல் நாள் வழக்கம்போல் ஆரம்ப உரை, காபி, தூக்கம். இரண்டாம் நாள் மத்தியானம் மதராஸிலிருந்து வந்த பேராசிரியர் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லி, திரையில் ஒரு படத்தைப் போட்டார். சுவர் உயரத்துக்கு ஒரு வாய். கீழுதட்டை யாரோ விரலால் மடக்கிப் பிடித்திருந்தார்கள். உதட்டிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் கரும்புள்ளிகள்.

நேற்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வாய் அது.

பேராசிரியர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். இந்தப் புள்ளி உள்ளவர்களுக்குக் குடலில் பாலிப் என்ற சதைக் கட்டிகள் வளரும். கட்டியோடு சேர்ந்து குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். வலி வரும், தானே விடுபட்டால் போய்விடும். விடுபடாத நாளில் உயிருக்கு ஆபத்து. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது, எத்தனை பேருக்கு என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். பக்கத்திலிருந்த சேலம் டாக்டர், இதையெல்லாம் நாம் எங்கே பார்க்கப் போகிறோம் என்று கொட்டாவி விட்டார். நான் நோட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் யார் பேசினாலும் உதட்டையே பார்த்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில் செல்வி பாயில் சுருண்டு கிடந்தாள். குடலேற்றம் என்றார்கள். அத்தை விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி வயிற்றில் தடவிக்கொண்டிருந்தார். நம் டாக்டர்கள் குடலேற்றம் என்றாலே வாயு என்று சிரித்துவிட்டு நகர்கிறவர்கள்தானே. நான் உட்கார்ந்து கையை வைத்தேன். தொப்புளுக்கு வலப்பக்கம் வாழைக்காய்போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. அத்தை என் கையை ஒதுக்கிவிட்டுத் தடவினார். கொஞ்ச நேரத்தில் வயிறு களகளவென்று சத்தம் போட்டது, செல்வி மூச்சு விட்டாள். மறுபடி கையை வைத்தேன். கட்டி அங்கே இல்லை.

இருந்த கட்டி கைக்கடியில் இல்லாமல் போவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயந்துவிட்டேன் என்றே சொல்கிறேன்.

"எங்க அண்ணனுக்கும் நான்தான் தடவுனேன் டாக்டரம்மா" என்றார் அத்தை, கையைத் துடைத்தபடி. "எத்தினியோ வாட்டி எறங்குச்சு. கடைசி வாட்டி எறங்கல."

அண்ணன் என்றது செல்வியின் அப்பாவை. நான் வகுப்பில் கேட்டதையெல்லாம் சொன்னேன். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம், அத்தையும் தேவராஜும் காட்டிக்கொள்ள வேண்டும் என்றேன். ஞானம்மா சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"புள்ளிய அழிச்சிட்டா உள்ள இருக்கிறதும் போயிடுமா?"

போகாது, உதட்டுப் புள்ளி ஒன்றும் செய்வதில்லை என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கதவைத் திறந்தேன். எதிர் வீடு தெரியாத அளவு பனி. அதற்குள் வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். அத்தை ராத்திரியே சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலால் கீழுதட்டை மடக்கிக் காட்டினார்கள்.

டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மனிதர் இரவு முழுக்க உப்பு வைத்துத் தேய்த்திருந்தார். உதடு வீங்கி ரத்தம் கட்டியிருந்தது, புள்ளி அப்படியே இருந்தது. புள்ளி இல்லாத ஒரு சிறுமி, தன்னை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அழுதாள். அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

அன்றைய வகுப்பை விட்டுவிட்டேன். செல்வியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். குடலில் ஒரு முழ நீளத்தை வெட்டி எடுத்தார்கள். பிழைத்தாள். கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள்.

இந்த வகுப்புக்குப் போக நினைக்கும் டாக்டர்களுக்குச் சில விஷயங்கள். கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலேயே இறங்குங்கள், சிட்டி ஸ்டேஷன் வரை போனால் திரும்பி வர வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம் தூங்காதீர்கள். வயிற்று வலி என்று வருகிறவர்களின் உதட்டை மடக்கிப் பாருங்கள். வயதானால் உதட்டுப் புள்ளி மங்கிவிடும், கன்னத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். கூட வந்தவர்களையும் பாருங்கள். குடலேற்றம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

பிப்ரவரியில் செல்வியைப் பார்க்க மறுபடி போனேன். தையல் ஆறியிருந்தது. தன் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டாள். தேவராஜைக் கட்டினால் பாதிக்கு மேல் வாய்ப்பு, வெளியில் கட்டினால் பாதி என்றேன். பிறந்ததுமே தெரிந்துவிடுமா என்றாள். தெரியாது, புள்ளி வருகிறதா என்று சில வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

செல்வி சிரித்தாள்.

"அது எங்களுக்குப் புதுசு இல்ல டாக்டரம்மா. எங்க வீட்டுல எப்பவும் அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருப்போம், எப்ப வரும் எப்ப வரும்னு."