பச்சை அடித்த வயல்கள்

விழிஞ்ஞம் சாலையருகே மிஞ்சியிருந்த பதினொரு வயல்களைக் காப்பாற்றும் திட்டத்துக்கு வரைபடம் போட்டவள் நான். மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். தூர்த்தால் சுற்றியுள்ள வீடுகளுக்குள் புகும். தூர்க்கக் கூடாது என்று காட்ட வரைபடத்தில் வயல்களுக்குப் பச்சை அடித்து, மக்கள் கருத்துச் சொல்வதற்காக வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினோம். கருத்துக் கேட்டு முடிந்த பிறகுதான் தடை வரும். அதுதான் நல்ல திட்டமிடல் என்று படித்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது நான்கு வயல்களில் செம்மண் கொட்டியிருந்தது. ஒன்றில், வயல் இல்லை, தோட்டம் என்று காட்டுவதற்காகத் தென்னங்கன்றுகள்கூட நட்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஹோட்டலில் சமைப்பவர்.

"வீடு கட்டத்தான் வாங்கினேன் மோளே. இத்தன வருஷம் சும்மாதான் கெடந்துச்சு. நீங்க பச்ச அடிச்சதப் பாத்துப் பயந்துதான் மண்ணடிச்சேன்" என்றார்.

"மழைத்தண்ணி எங்க போகும் அண்ணாச்சி?"

"அதுக்கும் ஒரு மேப் போடுங்க."

மண் இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சமையல்காரருக்கு வேறு இடம் கிடையாது.

வரைபடத்தை எடுத்துவிடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். கருத்துக் கேட்கும் காலம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதுவரை எடுக்கக் கூடாது என்றார். விதி சரிதான். மீதி ஏழு வயல்களின் சொந்தக்காரர்களும் அதற்குள் வந்து பார்த்துவிடுவார்கள்.