இருநூற்றுப் பதினாலாம் கல்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மஞ்சக்கல் என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். புது ரயில் பாதை எங்கே போகும் என்று அளந்து, அந்த வழி நெடுக முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பூசிய கல் ஊன்றுவது அவர் வேலை. அவர் அளந்து வந்ததை வரைபடமாக வரைவது என் வேலை. இரண்டு பேருமாகச் சேர்ந்து முப்பத்தொரு வருடத்தில் ஒரு ரயிலைக்கூட ஓட வைக்கவில்லை. இதை அடக்கத்தில் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

பல பாதைகளை அளந்து ஓய்ந்தோம் என்றாலும் மனசு ஆறும். நாங்கள் திரும்பத் திரும்ப அளந்தது ஒரே பாதையைத்தான். மலையடிவாரத்து ஊரிலிருந்து ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட்டு எல்லாம் இருக்கிற நகரம் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நடுவில் மலை. பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போக இரண்டரை மணி நேரம் ஆகும். ஒரு சின்னச் சுரங்கம் குடைந்து ரயில் விட்டால் ஐம்பது நிமிடம். இது எங்கள் இருவருக்கும் தெரியும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் எல்லாம் மேலே உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் முறை அளக்கப் போனபோது மஞ்சக்கல்லுக்கு இருபத்தெட்டு வயது. அளவு என்றால் அவருக்குப் பைத்தியம். டீக்கடைக்குப் போய் வந்தால்கூட எட்டு வைத்ததை எண்ணி, "நூத்திப் பன்னெண்டு எட்டு தம்பி, நேத்து நூத்திப் பத்துதான்" என்பார். தான் அளந்தது எல்லாம் அப்படியே நடந்துவிடும் என்றும் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் வாழ்நாளில் செய்த ஒரே தவறைச் செய்தார். அப்போதுதான் கல்யாணமாகியிருந்த தங்கையிடம் போய், யாருக்கும் சொல்லக்கூடாத விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் மனை வாங்குங்க. ஸ்டேஷன் உங்க தெருமுனையில வரப்போகுது. அஞ்சு வருஷம். வாசல்ல செருப்பப் போட்டா நேரா ரயில்தான்."

தங்கையும் மாப்பிள்ளையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அங்கே மனை வாங்கினார்கள், வீடும் கட்டினார்கள். கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். பின்பக்கம் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அங்கே இரண்டு அறை இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

எங்கள் முதல் அறிக்கைக்குப் பதில் வர நாலு வருடம் ஆயிற்று. பதிலும் என்ன? ஆட்சி மாறிவிட்டது, கொள்கை மாறிவிட்டது, இனிமேல் வேகமான ரயில்தான், ஆகவே மறுபடி அளக்கவும். வேகமான ரயில் என்றால் வளைவு அகலமாக இருக்க வேண்டும். ஓடை பக்கத்து வளைவை மஞ்சக்கல் அகலப்படுத்திப் பார்த்தார். ஒரு பக்கம் தள்ளினால் பள்ளிக்கூடம் போகிறது. இன்னொரு பக்கம் தள்ளினால் தங்கை வீட்டுப் பின்பக்கத்து இடம் போகிறது. இரண்டு நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, "பள்ளிக்கூடம் இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னார். பாதைக் கோடு வரைந்தது நான்தான்.

கல் ஊன்றும் வேலையை ஆட்கள்தான் செய்வார்கள். அந்த ஒரு கல்லை மட்டும் அவரே குழி தோண்டி ஊன்றினார். இருநூற்றுப் பதினாலாவது கல். தங்கை எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா ஆழமா ஊனு அண்ணா, பிள்ளைங்க ஆட்டி விட்டுடப் போகுதுங்க" என்றாள். ரயில் வருகிறதென்றால் இடத்துக்குப் பணம் வரும், கொஞ்சம் தள்ளி வேறு வீடு கட்டலாம் என்று அவள் நினைப்பு. அவரும் அப்படித்தான் நினைத்தார். அரசிதழில் அறிவிப்பு வந்தது: கல்லிலிருந்து இரண்டு பக்கமும் முப்பது மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது, விற்பதும் கூடாது.

அறிவிப்பு வந்தது. பணம் வரவில்லை, ரயிலும் வரவில்லை.

ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எங்கள் பாதையின் பெயர் வரும். பெயர் வந்ததற்கு ஊரில் வெடி போடாத குறை. ஒதுக்கிய தொகையைப் பார்த்தால் சுரங்கத்துக்கு வேண்டாம், சுரங்கத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கக்கூடக் காணாது. ஒருமுறை, பாதிச் செலவை நகராட்சிகள் ஏற்றால் மீதியை மேலிடம் தரும் என்றார்கள். நகராட்சி, நீங்கள் முதலில் தாருங்கள், பிறகு நாங்கள் தருகிறோம் என்றது. வாசற்படியில் நின்றுகொண்டு 'நீங்க முதல்ல போங்க', 'நீங்க போங்க' என்று உபசாரம் பண்ணிக்கொள்கிறவர்கள் மாதிரி ஆறு வருடம் நின்றார்கள். அதற்கு ஒருமுறை அளந்தோம். அப்புறம் தனியார் யாராவது போட்டு நடத்தட்டும் என்று புதுக் கொள்கை. தனியார் வந்து பார்த்துவிட்டு, ரயில் வேண்டாம், ஸ்டேஷன் வரப்போகிற இடத்தில் கடைகள் கட்டிக்கொள்ள நிலம் மட்டும் போதும் என்றார்களாம். அதற்கும் ஒருமுறை அளந்தோம். நாலு அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் மஞ்சக்கல் தன் கையெழுத்தில் எழுதினார்: இந்தப் பாதை மிகவும் தேவை. மஞ்சள் பூச்சு மட்டும் நாலு முறை புதுசானது.

மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தது நாலாவது அறிக்கைக்கு அடுத்த வருடம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் பாதிதான். கூடத்தில் கட்டிலைப் போட்டு, குறுக்கே ஒரு திரைச்சீலை கட்டிப் படுக்க வைத்தார்கள். குளியலறை மாடியில். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார வைத்து, தங்கையும் பக்கத்து வீட்டு மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பதினேழு படி தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். படி பதினேழு என்று எனக்குச் சொன்னவர் மஞ்சக்கல்தான். திங்கட்கிழமை தோறும் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அதே மனிதரை அதே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் மலையைச் சுற்றிக் கூட்டிப் போக வேண்டும்.

பின்பக்கம் ஒரு அறை, ஒரு குளியலறை. அவ்வளவுதான் கேட்டாள் தங்கை. நகராட்சி, ரயில்வேயில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வா என்றது. எங்கள் அலுவலகம், பாதை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, கடிதம் தர முடியாது என்றது. அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்ட அதிகாரி மஞ்சக்கல்லுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவர். அவரிடம் மஞ்சக்கல் நேரில் போய்க் கேட்டார்.

"கட்டுறதுக்கும் உத்தரவு இல்ல, கைவிடறதுக்கும் உத்தரவு இல்ல. நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று அதிகாரி கை விரித்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். பின்பக்கத்துக் கொடியில் துணி காயப் போட்டிருந்தது. கொடியின் ஒரு முனையை அந்தக் கல்லில்தான் கட்டியிருந்தார்கள். தங்கை துணியை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ வச்ச கல்லு தானே அண்ணா? நீயே எடுத்துட முடியாதா?"

"கல்ல எடுக்கிறது பெரிசில்லம்மா. கடுதாசியில இருக்கே."

"அப்ப கடுதாசிய எடு."

உள்ளே கட்டிலிலிருந்து மாப்பிள்ளை எங்களைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகத் தேடிக் கேட்டார்: "ரயில்... எப்ப... வருது... மச்சான்?" அந்த வீட்டில் அதை நம்பிக்கொண்டிருந்த கடைசி ஆள் அவர்தான்.

மஞ்சக்கல் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது ஐந்தாவது உத்தரவு வந்தது. புதுக் கொள்கை: பணம் குறைவு, அதனால் தேவையான பாதைக்கு மட்டும் செலவு. மறுபடி அளந்தோம், மறுபடி வரைந்தோம். அறிக்கையின் கடைசியில் இந்த முறை ஒரு புதிய கட்டம் இருந்தது. தேவை, தேவையில்லை. இரண்டில் ஒன்றில் குறியிட வேண்டும். கீழே பொடி எழுத்தில், தேவையில்லை என்று முடிவானால் நிலத்தின் மேலுள்ள தடை தானாக நீங்கும் என்று போட்டிருந்தது.

அந்தத் தாளை அவர் என் மேஜையில் விரித்து வைத்தார். முந்தைய பக்கத்தில், பாதை வந்தால் தினம் போகக்கூடியவர்கள் ஒன்பதாயிரத்து நானூறு பேர் என்று அவரே எழுதியிருந்தார். பதினைந்து நாள் பஸ் நிலையத்தில் நின்று தலை எண்ணி எடுத்த கணக்கு அது.

"என்ன தம்பி பண்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தேவையில்லன்னு போட்டுத் தொலைங்க சார்! நாலு தடவை தேவைன்னு எழுதினீங்களே, எவன் படிச்சான்? இதையும் படிக்க மாட்டான். தப்பித் தவறித் தடை நீங்கினா அந்த மனுஷனுக்கு ஒரு குளியலறையாவது கிடைக்கும்."

"படிச்சுட்டா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் முதலில் பென்சிலால் குறியிட்டார். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து அதன் மேலேயே மையால் இட்டார். ஒன்பதாயிரத்து நானூறை மட்டும் மாற்றவில்லை. "அளந்தத மாத்த மாட்டேன்" என்றார். ஒரு பக்கத்தில் ஒன்பதாயிரத்து நானூறு பேர், அடுத்த பக்கத்தில் தேவையில்லை. படிக்கிறவன் எவனாக இருந்தாலும் இது என்ன கூத்து என்று கேட்டிருப்பான். யாரும் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. நாலு வருடம் தூங்கிய அதே துறைதான். பாதை கைவிடப்பட்டது, தடை நீங்கியது. நிபுணரின் பரிந்துரைப்படி வீண் செலவு தவிர்க்கப்பட்டதாக அமைச்சர் அறிக்கை விட்டார். மிச்சமான பணத்தில் தலைநகர் ரயில் நிலைய முகப்புக்குக் கண்ணாடி போடப் போகிறார்களாம். முப்பத்தொரு வருடத்தில் மஞ்சக்கல் எழுதியதை அரசாங்கம் கேட்டு நடந்தது அந்த ஒரு முறைதான். செய்தித்தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். அன்றைக்கு டீக்கடைக்குப் போனபோது எட்டு எண்ணவில்லை.

தங்கை வீட்டில் அறை கட்டினார்கள். சறுக்குப் பாதை வைத்து, கைப்பிடி வைத்து, நன்றாகவே கட்டினார்கள். மாப்பிள்ளை நாற்காலியை யாரும் தூக்க வேண்டியதில்லை. கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் அலுவலகத்தில் யார் யார் காலையோ பிடித்துக் கடிதம் வாங்கிவிட்டான் என்று தங்கை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். கட்டத்தில் குறியிட்டதை அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு திங்கட்கிழமைகளில் அவரும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போன வாரம் நடந்ததை என்னிடம் சொன்னார். பஸ் நிறையக் கூட்டம். மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் இடம் கிடைத்தது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் இருக்கையில், மடியில் எக்ஸ்ரே உறையோடு ஒரு அம்மாள். வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதும் அந்தம்மாள் ஆரம்பித்தாள்.

"ரயிலு வர்றதா இருந்துச்சு. எவனோ ஒருத்தன் தேவையில்லன்னு எழுதிக் குடுத்துட்டானாம். கையில புழு வைக்க! அவன் ஒரு நாள் இந்த பஸ்ல நின்னுட்டு வந்து பாக்கணும்."

"நின்னுட்டுதாம்மா வரேன்" என்றிருக்கிறார் இவர்.

அந்தம்மாள், வயசான மனிதர் உட்கார இடம் கேட்கிறார் என்று நினைத்து, எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, "வாங்க, இப்படி ஒண்டிக்குங்க" என்றாளாம். தங்கைக்கு விளங்கிவிட்டது. அண்ணன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

அவர் உட்காரவில்லை. மலையைச் சுற்றி முடிக்க இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.