இன்ஜினுக்கு ஒரு நெற்றி

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சொல்லவில்லை... எழுதுகிறேன்.

தொம்மலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு ஆயில் இன்ஜின். ஒரு காலத்தில் கிணற்றிலிருந்து கீரைப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்தது. பாத்தி லே-அவுட் ஆயிற்று. கிணற்றை மூடி, மேலே கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் அதற்குள் வேலைக்குப் போகிறார்கள். இன்ஜின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு மாதம் முன்னால் என் மகன் சேகர் தீர்ப்புச் சொன்னான். "அம்மா, கொட்டாயைப் பிரிச்சுட்டு இன்ஜினை வித்துடலாம். வர்ற காசுல உன் ரூமை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டிடறேன்."

என் முட்டிவலியைப் பற்றி இந்தப் பக்கத்தில் படித்துப் படித்து அலுத்துப்போனவர்களுக்கு, இது எப்பேர்ப்பட்ட வாக்கு என்று புரியும். எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கோடியில். மழை நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச். புடவையைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

பழைய இரும்புக்காரர் வந்து பார்த்தார். கிலோ கணக்கில்தான் எடுப்பேன் என்றார். அந்தக் காசுக்கு பாத்ரூம் வராது. வாளியும் மக்கும் வரும்.

அப்போதுதான் மாடியில் குடியிருக்கும் நவீன் இறங்கி வந்தான். சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரைத் தட்டினால் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிற ரகம்.

"ஆன்ட்டி, இது ஆன்ட்டிக்!" என்றான். என்னைத்தான் ஏதோ சொல்கிறான் என்று நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு கண்டுபிடிச்சுட்டா ரேட்டே வேற சார்!" என்றான் சேகரிடம்.

கண்டுபிடிப்பது லேசா? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் வீட்டுக்காரர், அவர் இருந்தவரை, அதற்குப் பெயின்ட் அடித்துவந்தார். வீட்டில் எது மிச்சமோ அந்தக் கலர். இரண்டு பேரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். பச்சை போய் நீலம் வந்தது. நீலம் போய் கேட்டுக்கு அடித்த சிவப்பு வந்தது. முன்பக்கம், கெட்டியாகிப்போன சந்தனம் குங்குமத்துக்கு அடியில், ஒரு பித்தளைத் தகடு.

"லண்டன்! சார், லண்டன்னு போட்டிருக்கு!" நவீன் குதித்தான். அதன் கீழே பாதி தேய்ந்து 'டு வெய்...' என்று ஏதோ. "வெயிட் சார்! இன்ஜினோட வெயிட்டையே பொறிச்சிருக்கான். வெள்ளைக்காரன்னா சும்மாவா?"

மறுநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு கட்டு காகிதத்தோடு வந்தான். ஏதோ துரை பங்களாவுக்குத் தண்ணீர் இறைத்த இன்ஜினாம் இது. எங்கள் முளைக்கீரையை எந்த வெப்சைட்டில் துரையாக்கினார்களோ!

நான் மட்டும் அந்தக் காகிதக் கட்டை நம்பவில்லை. ஏன் என்றால்... அந்தத் தகடு இன்ஜினுடையதே இல்லை.

இன்ஜின் வந்த முதல் ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொட்டை எங்கே வைப்பது? மாட்டுக்கு நெற்றி இருக்கிறது. சைக்கிளுக்கு ஹேண்டில் பார் இருக்கிறது. இதற்கு? எங்கே தொட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு. வைத்த பொட்டு வழிந்து ஓடியது. மனுஷன் நேராக சிவாஜிநகர் போய், பழைய சாமான் கடையில் பளபளவென்று ஒரு தகடு வாங்கி வந்து முன்னால் முடுக்கினார். "இப்பத்தான் இதுக்கு மூஞ்சி வந்திருக்கு" என்றார்.

அது ஒரு கறிக்கடைத் தராசிலிருந்து கழற்றிய தகடு. ஆட்டுத்தொடை நிறுத்த தராசுக்கு வருஷா வருஷம் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான்.

"சேகர், அந்தத் தகடு வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

தெரியாதுதான். தராசு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டல்காரர் வந்தார். புதிதாக பப் திறக்கிறாராம். வாசலில் நிறுத்த ஒரு பழைய இன்ஜின் வேண்டுமாம். ஓடுமா என்று கேட்கவே இல்லை. துருவைத்தான் ஆசையாகத் தடவிப் பார்த்தார். "எதுக்கு சார் சுரண்டினீங்க? அழுக்கா இருந்தாத்தானே லுக்கு!" என்று கோபித்துக்கொண்டார். பிறகு தகட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவர் சொன்ன விலைக்கு பாத்ரூம் என்ன... டைல்ஸே ஒட்டலாம்!

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு விவரம் தெரிந்த குடிகாரன் ஒருவன் தகட்டைப் படித்துச் சிரித்துவிட்டால்? இவர் வந்து சேகர் சட்டையைப் பிடிப்பாரே! ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தா கொடுப்பது?

அந்நிய மனுஷரிடம் பேசிப் பழக்கமில்லை எனக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கறிக்கடை, தராசு, பொட்டு...

சேகர் என்னை முறைத்தான். நவீன் காகிதக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். போச்சு, பாத்ரூம் போச்சு என்று என் முட்டிகள் இரண்டும் சேர்ந்தே வலித்தன.

ஹோட்டல்காரர் தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"பர்வாகில்லம்மா. குடிக்க வர்றவன் என்ன, இன்ஜினை எடை போட்டா பார்க்கப் போறான்? லண்டன்னு இருக்கில்ல, அது போதும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தத் தராசுக் கதையை நீங்க யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. அதுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு."

சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். லாரி வந்து இன்ஜினை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது அதன் நெற்றியில் பொட்டில்லை; துடைத்துவிட்டார்கள். பொட்டு இருந்தால் லண்டன் தெரியாதாம்.

போன வாரம் டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் கம்பிகூட உண்டு. அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். என் வாயை மூடிவைக்க ஒருவர் காசு கொடுத்தது இதுதான் முதல் தடவை.

இத்தனை வருஷமாக எல்லோரும் அதை இலவசமாகவே மூடிவைத்திருந்தார்கள்.