சுரங்கத்துப் பிக்கப்புக்கு ரெண்டு டர்போ

டீசல் வண்டிக்கு டர்போ வேலை பார்க்கிறவனைத் தேடி, "வண்டி சூப்பரா ஓடுது" என்று சொல்ல இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. இழுக்கவில்லை, புகைகிறது, விசில் அடிக்கிறது, இந்த மூன்றில் ஒன்றோடுதான் வருவார்கள். ஸ்பானர் பிடிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வெச்சிட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க" என்றால் பத்தாவது நிமிடம் வந்து நிற்பார்கள்.

என் கொட்டகை நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் போகும் சாலையில் இருக்கிறது. நடந்தது ஜிஎஸ்டி வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னால்.

செல்போனில் வந்த ஆசை

குள்ளஞ்சாவடி பக்கத்திலிருந்து தனசேகர் என்று ஒருத்தர் பிக்கப்போடு வந்தார். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வண்டி. பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்புகள், பைப்புகள், எரிந்துபோன மோட்டார்கள் இதையெல்லாம் கீழே இறக்குவதும் மேலே ஏற்றுவதும்தான் வேலை. இறங்கும்போது பிரச்சினை இல்லை. மேலே வரும் சரிவுப் பாதையில் பாதி தூரத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன. ரெண்டு முறை ஆகிவிட்டது, மூன்றாவது முறை நின்றால் வேறு வண்டி போட்டுக்கொள்வேன் என்று அங்கிருந்த சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும். அது சுற்றுகிற சுற்றில் மறுபக்கத்து விசிறி காற்றை எஞ்சினுக்குள் அமுக்கும். காற்று அதிகம் போனால் இழுவை அதிகம். "இருக்கறதையே சரி பண்ணித் தர்றேன்" என்றேன். அவர் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினார். எந்த நாட்டு வண்டியோ, பானெட்டுக்குள் ரெண்டு டர்போ, பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போனது. ஒன்றே போதும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏர்ல ரெண்டு மாடு கட்றமே, எதுக்குங்க? ஒண்ணு இழுக்கறத இன்னொண்ணு பார்த்துகினு நிக்கவா?"

இடம் தேடிய கதை

ஒத்துக்கொண்டேன். ரெண்டு டர்போ நான் அதுவரை மாட்டியதே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. வந்த ஆள் வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் பாதி, நாமும் ஒருமுறை செய்து பார்த்தால் என்ன என்ற அரிப்பு மீதி.

தத்துவம் எளிது. சின்ன டர்போ சட்டென்று சுற்ற ஆரம்பிக்கும், ஆரம்ப இழுவைக்கு அது. வேகம் ஏறினதும் பெரியது கைகொடுக்கும். ஆனால் தத்துவத்துக்கு இடம் தேவையில்லை, டர்போவுக்குத் தேவை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, மடித்து, பானெட்டுக்குள் வைத்து வைத்து அளவெடுத்தேன். பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் அனுப்பினேன். கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவைக் கழற்றினேன். ஹாரனைக் கீழே இறக்கினேன். பைப்புகளை வளைத்து வெல்டிங் வைக்க வந்த பாஷா பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக் கவசத்தை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் விட்டா டிரைவரையும் பின்னால அனுப்பிடுவீங்க போலிருக்கே?"

எதிர்க்கடை புகார்

பத்தாவது நாள் ஸ்டார்ட் செய்தோம். ஒரே சாவியில் எடுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னாலிருந்து கரும்புகை கிளம்பியது பாருங்கள், ரோட்டைத் தாண்டி எதிரே காசியம்மா டீக்கடைக்குள் நேராக நுழைந்தது. உள்ளே இருந்த நாலு பேர் கிளாஸோடு வெளியே ஓடி வந்தார்கள். வண்டியோ நகரவே யோசித்தது.

அரை நாள் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் தெரிந்தது. புகை முதலில் சின்ன டர்போவுக்குப் போய், அதற்குப் பிறகு பெரியதுக்குப் போக வேண்டும். நான் பெரியதை முன்னால் வைத்திருந்தேன். அதைச் சுற்ற வைப்பதற்குள் எஞ்சினுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காற்று வராத எஞ்சினுக்கு டீசல் மட்டும் போய்க்கொண்டிருந்தால் புகைக்காமல் என்ன செய்யும்? பாஷா பாய் தான் வைத்த வெல்டிங்கைத் தானே அறுக்க ஆரம்பித்தார். காசியம்மா ரோட்டைக் கடந்து வந்தார். எனக்கு நல்ல திட்டு இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "இந்த ஊர்ல புகைக்குப் பயந்தவ நான் இல்லப்பா. ஆனா தெர்மல் பவர் ஸ்டேஷன்ல கூட சிம்னிய வானத்த பார்த்து வெச்சிருக்காங்க, நீ என் பாய்லர பார்த்து வெச்சிருக்கியே."

ரோட்டில் ஒரு வெடி

மாற்றிக் கட்டிய பிறகு வண்டி நிஜமாகவே பறந்தது. மணல் மூட்டை ஏற்றி, தனசேகரை ஓட்டச் சொல்லி, குள்ளஞ்சாவடி பக்கம் போனோம். மூன்றாவது கியரில் அவர் முகம் மலர்ந்தது. நாலாவது கியரில் டமால் என்று ஒரு சத்தம். எதிரே வந்த பஸ்காரர் தன் டயர்தான் வெடித்தது என்று ஓரம் கட்டிவிட்டார். காற்றுப் பைப்பின் ரப்பர் குழாய் கழன்று பறந்திருந்தது. நான் போட்டிருந்தது சாதாரண கிளிப். ரெண்டு டர்போ அமுக்குகிற காற்றுக்கு அது எந்த மூலைக்கு?

முந்திரித் தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, குழாயைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை வண்டி வேலைக்குப் போயாக வேண்டும். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "தனசேகர், இது மாதிரி வேலை நான் இதுக்கு முன்னால செஞ்சதில்ல. மொத நாளே சொல்லியிருக்கணும். பழையபடி ஒரே டர்போவா இன்னிக்கே மாட்டிக் கொடுத்திடறேன்" என்றேன். காது சுட்டது. அவர் இறங்கி வந்து குழாயை வாங்கி, மண்ணைத் தட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும்ங்க. செஞ்சி பழக்கப்பட்டவரா இருந்தா மொத நாளே முடியாதுன்னு அனுப்பியிருப்பாரு. நல்ல கிளிப்பா போடுங்க, போலாம்."

சரிவுப் பாதை

மறுநாள் ஐப்பசி மழை. பள்ளத்தில் ஒரு பம்பின் மோட்டார் எரிந்துபோய், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எரிந்ததை மேலே கொண்டுவந்தால்தான் ரிப்பேருக்கு அனுப்பலாம். ஹெல்பர் என்று பாஸ் வாங்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டாரை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. சரிவெல்லாம் சேறு. எப்போதும் நிற்கிற அந்த வளைவு வந்தது. தனசேகர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார், நான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறியது, இன்னும் ஏறியது. டயர் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது. அப்போது பெரிய டர்போவின் விசில் கேட்டது. முதல் கியரிலிருந்து ரெண்டாவதுக்கு மாற்றினார். அந்தச் சரிவில் அவர் ரெண்டாவது கியர் போட்டது அதுதான் முதல் தடவையாம். வளைவு தாண்டியதும் என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். ரெண்டு நாள் வலித்தது.

மேலே சூப்பர்வைசர் குடையோடு நின்றிருந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். குடலைப் பிதுக்கி வைத்த மாதிரி கிடந்த பைப்புகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு தனசேகரிடம் சொன்னார்: "வண்டி இருக்கட்டும். ஆனா இந்த ஆளோட நம்பர எனக்குக் கொடு, இது நின்னுச்சுன்னா உலகத்துல வேற யாராலயும் பிரிக்க முடியாது."

வீட்டம்மா வந்த அன்று

கான்ட்ராக்ட் தொடர்ந்தது. வண்டி நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்து தனசேகரின் மனைவி விஜயா தனியாக பஸ் ஏறி வந்தார். வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நான் டூல்ஸ் பையை எடுத்தேன். அதெல்லாம் இல்லை என்று உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அண்ணா, அவரு மூணாவது ஒண்ணு மாட்டணும்னு உங்கள்ட்ட வருவாரு. இடமில்லன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, சீட்ட கழட்டிட்டு நின்னுகினே ஓட்றேங்கிறாரு."

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று போதும் என்று பார்க்க மீட்டர் வந்துவிட்டது, வண்டிக்காரருக்கு எவ்வளவு போதும் என்று பார்க்கிற மீட்டர்தான் எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டேன் என்கிறது.