மேசையைச் சுற்றி ஆறு பேர்

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று ஒரு மாதம் பயந்து கிடந்தேன். பிறகுதான் புரிந்தது, ஆளே அப்படித்தான். எதிராளி சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். எனக்கோ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. எங்கள் வீட்டில் யார் குரல் கேட்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நான் பெரிய துவைக்கும் எந்திரத்தில். அவள் இஸ்திரி உருளையில். ஈரமான படுக்கை விரிப்பு ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் காய்ந்து சுடச்சுட வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அந்த அனலில் நின்றிருக்கிறாள். துணியைத் தொட்டதுமே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். பிரசவ வார்டு விரிப்பு துவைத்துத் துவைத்து மெலிந்திருக்குமாம். எலும்பு வார்டில் மூலை கிழிந்திருக்குமாம்.

போன வருஷம் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரே பார்த்தார். "இனிமே அந்த நீராவியில நிக்கக் கூடாதும்மா. வேற எடத்துக்கு மாத்திக்கோங்க, இல்லேன்னா வேலைய விட்டுடுங்க" என்றார்.

வேறு இடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துணியைப் பிரித்து வார்டுகளுக்கு அனுப்பும் கூடத்தில் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். அங்கே பெரிய பெரிய ஜன்னல், நல்ல காற்று.

"அதெல்லாம் எதுக்கு? என் சம்பளம் போதும், வீட்ல இரு" என்றேன்.

"எனக்கு வேலை பிடிச்சிருக்குங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய பிரசங்கம்.

முன்பெல்லாம் எத்தனை வருஷ சர்வீஸ் என்று பார்த்து ஆளை உட்கார வைப்பார்கள். இந்தத் தடவை குரூப் டிஸ்கஷனாம். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். மூன்று அதிகாரிகள் பார்த்து மார்க் போடுவார்கள். ஆறு பேர் சேராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள். தலையெண்ணிக்கைக்காக ஆறாவதாக நான் பெயர் கொடுத்தேன்.

எங்கள் மகள் கல்லூரியில் கடைசி வருஷம். ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் வைத்த இந்த டிஸ்கஷனில் இரண்டு தரம் தோற்று மூன்றாவது தரம் தேறியவள். சாயங்காலம் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது பீரோவா, வாஷிங் மெஷினா என்று பேசச் சொன்னாள். துணி துவைக்கிறவன் வீட்டில் இது ஒரு கேள்வியா? நான் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஏழு நிமிஷம் ஆச்சு. நீ இன்னும் ஒரு வார்த்தை பேசல."

"அப்பா இன்னும் முடிக்கலையேடி."

"அவர் முடிக்கறதுக்குள்ள எனக்கே கல்யாணமாயிடும். கிடைக்கிற இடைவெளியில நீதான் நுழையணும். அப்பா, நீங்க பண்றது விவாதம் இல்ல, ஏலம்."

"அடுத்தவங்க பேச்ச வெட்டினா மார்க் போயிடும்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"போயிடும். சும்மா இருந்தா மார்க்கே வராது."

"அப்ப என்னதான்டி பண்றது?"

"அது தெரியுதான்னு பாக்கத்தான்பா மார்க்கு. அதிகாரி மூஞ்சியப் பாக்காம எதிர்ல இருக்கறவங்களப் பாத்துப் பேசணும். ஒருத்தர் சொன்னது சரின்னா அவர் சொன்னார்னு சொல்லணும். வாயே தெறக்காம யாராவது இருந்தா அவங்களையும் உள்ள இழுக்கணும்."

நானும் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நடுவில் நான் சட்டென்று நிறுத்தி அவளைப் பார்ப்பேன், அவள் நுழைய வேண்டும். உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அன்று காலை பத்து மணி. அலுவலக அறையில் நீள மேசை. எங்களைத் தவிர நால்வர். வேன் ஓட்டுகிற தம்பிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். கிழிந்த துணி தைக்கிற அக்கா, ஸ்டோர்காரர், பாய்லர்காரர். பாய்லர் இரைச்சலில் பாய்லர்காரருக்கு இடது காது போய்விட்டது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு என் மனைவி மட்டும் எழுந்தாள்.

"அண்ணே, நீங்க இந்தக் கோடிக்கு வாங்க. இங்க உக்காந்தா எல்லாரும் உங்க வலது பக்கம் வருவாங்க" என்று அவரை இடம் மாற்றினாள். ஓர் அதிகாரி எதையோ குறித்தார். முதல் மார்க் போச்சு என்று நினைத்தேன்.

விஷயத்தைப் படித்தார்கள். பெரிய துவைக்கும் எந்திரம் காலையிலேயே நின்றுவிட்டது, கையில் பாதித் துணிதான் இருக்கிறது, எந்த வார்டுக்கு முதலில் கொடுப்பீர்கள்? இருபது நிமிஷம்.

"அவசரப் பிரிவு!" என்று ரேடியோ ஆரம்பித்தான். "பிரசவத்துக்குக் குடுக்காம அது என்ன அவசரம்?" என்றார் தையல் அக்கா. "விதிமுறையில என்ன இருக்குன்னா..." என்று ஸ்டோர்காரர் இழுத்தார். எனக்கு வேறொன்று பற்றிக்கொண்டது.

"மெஷின் எதுக்கு நிக்குது? நான் இருக்கற வரைக்கும் அது நிக்காது" என்றேன்.

"அண்ணே, இது சும்மா ஒரு பேச்சுக்கு" என்றான் ரேடியோ.

"பேச்சுக்குக்கூட நிக்காதுடா! பதினோரு வருஷத்துல ஒருநாள் நின்னிருக்கா, சொல்லு!"

"ஏங்க..." என்றாள் என் மனைவி.

"இரு, நான் முடிச்சுக்கறேன்" என்று அவளிடமே கையை நீட்டித் தடுத்துவிட்டேன். தடுத்த பிறகுதான் உறைத்தது. சத்தியம் செய்த அதே கை. பேச்சை அப்படியே நிறுத்தினேன். அதற்குள் பாய்லர்காரரைத் தவிர மற்ற மூவரும் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டார்கள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாய்லர்காரர் பக்கம் சாய்ந்து நிதானமாகக் கேட்டாள். "அண்ணே, பெரிய மெஷின் நின்னா அதுக்குப் போற நீராவிய மூலையில கெடக்கற பழைய சின்ன மெஷினுக்குத் திருப்ப முடியுமா?"

"முடியும்மா. ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றார் அவர். "யாரும் கேக்கலையே."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப இருக்கற துணி ஒன்றரை மணி நேரம் தாங்கினாப் போதும்" என்றாள். "தம்பி சொன்ன அவசரப் பிரிவுக்கும் அக்கா சொன்ன பிரசவ வார்டுக்கும் குடுத்துடலாம். எலும்பு வார்டுல மத்தியானம்தான் மாத்துவாங்க. மத்த வார்டு அலமாரியில என்ன இருக்குன்னு ஸ்டோர் அண்ணன் போன்ல கேட்டுச் சொல்லட்டும்." பிறகு என்னைப் பார்த்தாள். "மெஷின அவரு பாத்துக்குவாரு. அவரவிட அது தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை.

நேரம் முடிந்ததும் அதிகாரியம்மா ஒரு கேள்வி போட்டார். "உங்களைத் தவிர, இங்க யாருக்கு இந்த வேலையக் குடுக்கலாம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பாய்லர்காரர் என் மனைவியைக் கை காட்டினார். தையல் அக்காவும் அப்படியே. ஸ்டோர்காரர் தையல் அக்காவைச் சொன்னார். ரேடியோ முதல் முறையாக யோசித்து, "அக்காவுக்கே குடுங்க" என்று என் மனைவி பக்கம் தலையாட்டினான். என் முறை வந்தது. "நான் சொன்னா வீட்டுக்காரிக்குப் பரிஞ்சு பேசறதா ஆயிடும். ஆனா அவ பேச வந்தப்ப நான் தடுத்தேன். அத அவ கணக்குல எழுதிடாதீங்க" என்றேன்.

கடைசியாக அவள். இந்தக் கேள்வி வந்தால் இன்னொருவரைப் புகழ்ந்து சொல்ல வேண்டும், நல்ல மார்க் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எனக்கே வேணும் மேடம்."

"உங்களைத் தவிர்த்துக் கேட்டேன்மா."

"தெரியும் மேடம். இவங்க எல்லாருமே நல்லாப் பாப்பாங்க. ஆனா கிடைக்கலேன்னா அவங்கவங்க எடம் அவங்களுக்கு இருக்கு. உருளைகிட்ட இனிமே என்னால நிக்க முடியாது, மூச்சு வரல. விட்டுட்டுப் போகவும் மனசில்ல. அதனால எனக்கே குடுங்க."

இத்தனை வருஷத்தில் 'எனக்கு இது வேண்டும்' என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும், "தப்பாச் சொல்லிட்டேனாங்க?" என்றாள்.

"மார்க் போயிருக்கும்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போனாப் போகுது. சொல்லியாச்சு."

நான்காம் நாள் உருளை அருகிலேயே மேற்பார்வையாளர் வேலைக்கான கடிதத்தை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் பார்ப்பார்களாம், பிறகு நிரந்தரம். படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்தத் தள்ளுவண்டித் துணி இருக்கே, முடிச்சுட்டுப் போறேன்" என்று மறுபடி விரிப்பைப் பிடித்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போய் அவள் கையிலிருந்து முனையைப் பிடுங்கினேன். "போ" என்றேன்.

"உங்களுக்கு மடிக்கத் தெரியாதுங்க."

"போன்னு சொன்னேன்ல."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் இருக்கும் கூடத்துப் பக்கம் நடந்தாள். மறுமுனையைப் பிடித்திருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, அப்படி இழுக்காதீங்க, கோணிக்குது. அக்கா பக்கமே பாத்துக்கிட்டிருந்தா எப்படி மடிக்கிறது?"