கைக்குத் தெரிந்த குமிழ்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் மோட்டார்க்காரர். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. எரிந்துபோன மோட்டார்களை வாடகைச் சைக்கிளில் சுமந்து, அடுத்தவன் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றி, பிறகு சொந்தப் பட்டறை, சொந்த வீடு, பிள்ளைக்குப் படிப்பு என்று எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. "என் கைக்குப் பணியாத மோட்டாரை இன்னும் எவனும் செய்யலை" என்பார். ஆள் கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் அலட்டிக்கொள்ளச் சரக்கு இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே பழைய வாஷிங் மெஷின் வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு தொட்டியில் துவைத்து மறு தொட்டியில் பிழிகிற ரகம். மோட்டார் கல்லுப் போல இருந்தது. டைமருக்குள்தான் சுருள்வில் அறுந்து, சக்கரப் பல்லெல்லாம் தேய்ந்து கிடந்தது. செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. உதிரிக்கு எங்கே போவது?

மகன் கையோடு புது மெஷின் வாங்கி வந்துவிட்டான். முன்பக்கம் முழுக்க வழவழவென்று கண்ணாடி, குமிழும் இல்லை, பொத்தானும் இல்லை. அங்கேதான் சிக்கல். மோட்டார்க்காரர் மனைவிக்குப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பாசத்தில்தான் என்றாலும், அடுப்பு வேலை, கடைக்குப் போவது என்று ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது துணி துவைப்பது ஒன்றுதான். பழைய மெஷினின் குமிழில் ஒரு மேடு உண்டு. மேடு மேலே பார்த்தால் நின்றிருக்கிறது. அது போதும் அவளுக்கு.

புதுசை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "என்னடா இது, கன்னம் மாதிரி இருக்கு! எங்கே கிள்ளணும்?"

"நீ ஏம்மா கஷ்டப்படறே? நாங்க போட்டுத் தர்றோம்" என்றான் மகன்.

"இதையும் பிடுங்கிக்கோ. அப்புறம் என்னை நாற்காலியில உட்கார வச்சுத் தினமும் தூசி தட்டு."

மோட்டார்க்காரருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை, மகன் சொல்லி வைத்திருந்த பழைய சாமான்காரன் வாசலில் வந்து நின்றான். அவன் வண்டியில் ஏற்கெனவே இன்னொரு மெஷின் இருந்தது. வேறு கம்பெனி, தொட்டி பிளந்திருந்தது. மோட்டார்க்காரர் அதன் குமிழைத் திருகினார். உள்ளே டைமர் கிர்ரென்று ஓடி டக்கென்று நின்றது.

"தம்பி, இதை இறக்கு."

"அண்ணே, நான் ஏத்த வந்தேன்!"

"சாயந்திரம் வா. ரெண்டுல எது ஓடலையோ அதை ஏத்திக்கோ."

"ரெண்டுமே ஓடலைன்னா?"

"நான் செத்திருந்தாத்தான் அப்படி நடக்கும்."

இரண்டையும் பின்புறம் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றில் இருந்த வயர் நிறம் மற்றதில் இல்லை. "கலரே ஒத்து வரலையேப்பா" என்றான் மகன்.

"கலரைப் பார்த்து வயர் குடுக்கிறவன் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போகலாம். பல்பைக் கேளு, அது சொல்லும்."

பேட்டரியில் சின்ன பல்பைக் கோத்து, குமிழைத் திருகித் திருகி, எந்த முனை மோட்டாரை வலப்பக்கம் சுழற்றும், எது இடப்பக்கம் சுழற்றும் என்று கண்டுபிடித்தார். வண்டி மெஷினின் டைமரைத் தம் மெஷினில் மாட்டி, தம் குமிழை அதன் தண்டில் செருகி ஓடவிட்டார். ஓடியது! குஷியில் சிவப்புப் பெயிண்ட்டை எடுத்துக் குமிழுக்குப் பக்கத்தில் பெரிதாக 'நிறுத்து' என்று எழுதிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் விரல் பட்டதும், "என்ன பிசுபிசுங்குது?" என்றாள்.

"எழுத்து! எவ்வளவு பெரிசா எழுதியிருக்கேன் தெரியுமா..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணு தெரிஞ்ச காலத்துலயே உங்க கையெழுத்து எனக்கு விளங்கினதில்லை. இப்பத்தான் விளங்கப்போகுதாக்கும்!"

பிறகு குமிழைத் தொட்டாள். சிரிப்பு நின்றது. "இப்போ ஓடுதா, நின்னிருக்கா?"

"நின்னிருக்கு."

"தலை கவிழ்ந்திருக்கே."

தண்டில் சப்பையான பக்கம் இந்தக் கம்பெனியில் எதிர்ப்புறம் இருந்தது. அதனால் குமிழ் தலைகீழாகத்தான் ஏறியது. "கீழே பார்த்தா நின்னிருக்குன்னு மனசுல மாத்தி வச்சுக்கோயேன்" என்றார்.

"கை மனசைக் கேட்டா வேலை செய்யுது? மேலே பார்க்குதேன்னு நான் பாட்டுக்கு உள்ளே கையை விட்டா?"

"இதுக்குத்தாம்மா நான் சொன்னேன்..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

தண்டை அரம் போட்டுப் பார்த்தார். மெலிந்து முறிந்துவிடும் என்று விட்டார். மேட்டைச் சீவி மறுபக்கம் ஒட்டினார். ஈரம் பட்டதும் கையோடு வந்தது. அந்தப் பக்கம் மெலிசு, உருக்கினால் ஓட்டை விழும் என்று, வந்ததை மறுபடி பழைய இடத்தில் வைத்து, பற்றவைப்புக் கோலைச் சூடாக்கி உருக்கி இறுக்கினார். மோட்டார் பணிந்த மனிதருக்கு ஒரு குமிழ் பணியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டைமரைக் கழற்றினார்.

"இங்கே கொடுங்க" என்று வாங்கித் தடவினாள் அவள். "ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ மாட்டுற காது இருக்கு. ரெண்டும் ஒரே அளவு. இதையே கவிழ்த்து மாட்டினா என்ன?"

கம்பெனிப் பெயர் நேராகத் தெரியும்படியே எதையும் மாட்டுவது அவர் பட்டறைச் சட்டம். எத்தனையோ பேரை அதற்காகவே ஏசியிருக்கிறார். பெயர் தலைகீழானால் டைமருக்கு என்ன வந்தது என்று அவர் யோசித்ததே இல்லை.

கவிழ்த்தார். காது சரியாக உட்கார்ந்தது, வயர்தான் எட்டவில்லை. உடைந்த மெஷினின் வயர்களை வெட்டி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்து நீட்டினார். வாசலில் வண்டி மணி அடித்தது. "அண்ணே, உசிரோட இருக்கீங்களா?"

"நில்லுடா!" கடைசி ஸ்க்ரூவை முறுக்கி, அவள் கையைக் குமிழில் வைத்தார். மேடு மேலே பார்த்தது.

கிரீஸ் வாடை அடித்த அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, தண்ணீரும் தூளும் விட்டு, குமிழை அவளே திருகினாள். தொட்டித் தண்ணீர் இப்படிச் சுழன்று, நின்று, அப்படிச் சுழன்றது. மேடு மேலே வந்து டக்கென்று நிற்கும்வரை அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை. பிறகு தைரியமாக உள்ளே கைவிட்டுச் சட்டையை எடுத்தாள்.

"கறை போச்சா?"

"இல்லை" என்றான் மகன். "கொடும்மா, நான் புது மெஷின்ல..."

சட்டை மறுபடி தொட்டிக்குள் விழுந்தது. அவள் கை நேராகக் குமிழுக்குப் போயிற்று.